டாகிள் பலகையில் பிரபஞ்சம்

ஆம்பூர்
28.10.2025

அன்புள்ள நந்தினிக்கும், நந்தினிக்கு முன்னாடியே இதைப் பிரிச்சுப் படிக்கப் போற ஹாஸ்டல் வார்டன் ஜெயம்மாள் மேடத்துக்கும்,

மேடம், வணக்கம். இதுல காதல் இல்ல, சினிமா இல்ல, வானியல் மட்டும்தான். தைரியமா பிள்ளைகிட்ட குடுக்கலாம்.

நந்து, தீபாவளி லீவு முடிஞ்சு திமிரிக்கு பஸ் ஏறினப்போ மூஞ்சியை உர்ருன்னு வச்சிருந்தியே, அது எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. பிரபஞ்சம் விரியறதைக் காட்டற உன் பலூன் மாடல் ஸ்கூல்ல செலக்ட் ஆயிடுச்சு. நவம்பர் 28 வேலூர்ல மண்டல அறிவியல் கண்காட்சி. ஊரே கை தட்டுது. நீ மட்டும் உங்க பிசிக்ஸ் சார் கேட்ட ஒரே கேள்வியை மென்னுக்கினு இருந்த. "பலூனை ஊதினா மேல வரைஞ்ச கேலக்ஸியும் சேர்ந்து பெருசாகுதே, அப்போ பிரபஞ்சம் விரியறப்ப நாமளும் ஊதறமா?" நான் ஊதறதுக்குக் காரணம் பிரியாணின்னு அன்னிக்கே சொன்னேன். நீ சிரிக்கல.

நீயோ போன் இல்லாத ஜென்மம், ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிஷம் அம்மாகிட்ட பேசறதோட சரி. அதான் கடுதாசி. என் தோஸ்துக்காகப் பிரபஞ்சத்தையே கண்டுபிடிச்சுட்டேன். எங்கன்னு கேளு. நம்ம ரெண்டு பேர் அப்பாவும் வேலை பார்க்கற தோல் டேனரியில, உங்கப்பாவோட டாகிள் ஷெட்டுல.

உனக்குத் தெரியும், மேடத்துக்காகச் சொல்றேன். ஈரத் தோலை ஓட்டை ஓட்டையா இருக்கற இரும்புப் பலகையில விரிச்சு, ஓரம் பூரா கிளிப்பு மாட்டி, நாலா பக்கமும் இழுத்துக் காய வைப்பாங்க. அந்தக் கிளிப்புக்குப் பேரு டாகிள். இப்போ யோசி. தோல்மேல புள்ளி வச்சுட்டு இழுத்தா இன்னா ஆவும்? எல்லாப் புள்ளியும் எல்லாப் புள்ளியையும் விட்டு விலகும். பலூனுக்கு வாயாவது இருக்கு. என் பிரபஞ்சத்துக்கு அதுவும் இல்ல.

சனிக்கிழமை அப்பாவுக்குக் கேரியர் எடுத்துக்கினு போனேன். சாப்பாட்டு டைம், ஷெட்டுல ஈ காக்கா இல்ல. இழுக்கறதுக்காக அடுக்கி வச்சிருந்த தோல்ல, ஆறு தோல்ல, ஒவ்வொண்ணுலயும் பத்து பத்து சென்டிமீட்டர் தள்ளி வரிசையா அஞ்சு புள்ளி வச்சேன். ஒரு தடவை பண்ணா விளையாட்டு, ஆறு தடவை பண்ணா விஞ்ஞானம்னு நீதான சொன்ன. ஈரத்துல பேனா சரியா புடிக்கல, அழுத்தி அழுத்தி வச்சேன். அதுக்குள்ள உங்கப்பா, பெருமாள் மாமா, வந்துட்டாரு.

"இன்னாம்மா சானியா, தோல்மேல கோலம் போட்டுக்கினு இருக்க?"

நான் மூஞ்சியைப் பரீட்சை ஹால் மாதிரி வச்சுக்கினு, "அப்பாதான் மாமா மார்க் பண்ணச் சொன்னாரு, எவ்ளோ இழுக்குதுன்னு பார்க்கணுமாம்"னேன். எங்கப்பா, சூப்பர்வைசர் வாஹித் பாஷா பேரைச் சொன்னா அப்பீல் ஏது? மறுபேச்சு இல்லாம இழுத்து மாட்டினாரு. எனக்கு அவார்டே குடுக்கலாம்.

இழுத்தப்புறம் டேப் வச்சு அளந்தேன். முதல் புள்ளியில இருந்து பத்து சென்டிமீட்டர்ல இருந்தது 10.5 ஆச்சு. இருபது 21.2. முப்பது 33. நாப்பது 45. ஆறு தோல்லயும் கிட்டத்தட்ட இதே கதை. தூரமா இருக்கறது ஜாஸ்தி வேகமா ஓடுது. எழுதி வச்சுக்கோ, எனக்குப் பூமாலைக்கு ஏற்பாடு பண்ணு.

புள்ளியைப் பத்திக் கவலை வேணாம். மேல வெள்ளை கோட்டிங் அடிக்கறப்ப மறைஞ்சுடும்.

உன் ஒரே விஞ்ஞானி,
சானியா

&nbsp;

திமிரி
2.11.2025

சானியாவுக்கு,

உன் கடிதத்தை மேடம் இரண்டு தடவை படித்துவிட்டு, "இந்தப் பொண்ணு நேர்லயும் இப்படித்தான் பேசுமா?" என்று கேட்டார்கள். இதைவிட ஜாஸ்தி என்றேன்.

யோசனை அருமை. பலூனை விட நூறு மடங்கு மேல். கணக்கு மட்டும் தப்பு.

ஒரே சீராக விரிந்தால், பத்தில் இருப்பது ஒன்று நகர்ந்தால் இருபதில் இருப்பது இரண்டு, முப்பதில் மூன்று, நாற்பதில் நான்கு நகர வேண்டும். உன்னுடையது அரை, ஒன்று புள்ளி இரண்டு, மூன்று, ஐந்து. ஏன் தெரியுமா? நீ முதுகுப் பக்கம் ஆரம்பித்து வயிற்றுப் பக்கம் கோடு போட்டிருக்கிறாய். மாட்டுத் தோலில் முதுகு இறுக்கம், வயிறு தொளதொள. முதுகை இழுக்க அப்பா பல்லைக் கடிப்பார், வயிற்றுக்கு இரண்டு விரல் போதும். டேனரிக்காரன் பெண்ணாக இருந்தும் இது உனக்குத் தோன்றவில்லை. முதுகெலும்பு ஓடின வாக்கிலேயே புள்ளி வைத்தால் சரியாக வரும்.

இன்னொன்றும் உண்டு. சீராக விரியும்போது நீ எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் கணக்கு மாறாது. மூன்றாம் புள்ளியில் நின்றால், ஒன்றும் இரண்டும் பின்பக்கம் ஓடும், நான்கும் ஐந்தும் முன்பக்கம் ஓடும். தான் மட்டும் அசையாமல் நிற்பது போலத் தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் அப்படித்தான் தெரியும். அதனால்தான் பிரபஞ்சத்துக்கு நடு என்று ஓர் இடம் இல்லை. இதை எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

இரண்டு கேள்வி. புள்ளிகள் இழுத்த பிறகும் வட்டமாக இருந்தனவா, நீண்டனவா? துடைத்தால் போகிற சில்வர் பேனாவால்தானே வைத்தாய்?

நந்தினி

&nbsp;

ஆம்பூர்
6.11.2025

நந்து,

முதுகு, வயிறு ரெண்டையும் ஒத்துக்கறேன். மாடு உயிரோட இருந்தப்போ சாப்பிட்டதுக்கெல்லாம் நான் பொறுப்பாவ முடியுமா.

முதல் கேள்விக்குப் பதில்: புள்ளி நீண்டுச்சு, கோழிமுட்டை மாதிரி. அதாவது உங்க பிசிக்ஸ் சார் கேள்வி பலூனை விட்டுட்டுத் தோல்மேல ஏறி உக்காந்துக்கிச்சு. ஆனா நான் விடல. ஷூ கம்பெனியில வேலை பார்க்கற எங்கண்ணன் முஸம்மில் பையில கைய விட்டேன். இந்தக் கவரைத் தட்டிப் பாரு, அஞ்சு ஐலெட் விழும். லேஸ் கோக்கற ஓட்டைக்கு அடிக்கற பித்தளை வளையம். புள்ளிக்குப் பதிலா இதை அடிச்சுட்டு இழு. தோல் விரியும், வளையம் வளையமாவே இருக்கும். கேலக்ஸியை அதோட ஈர்ப்பு விசை கெட்டியா புடிச்சு வச்சிருக்குல்ல, அதான் பித்தளை. கேலக்ஸிக்கும் கேலக்ஸிக்கும் நடுவுல இருக்கற வெளிதான் விரியுது. அதனால நாம ஊதல. பிரியாணிதான்.

ரெண்டாவது கேள்வி இன்னா கேட்ட, பேனாவா? பேனாதான். பேனான்னா எழுதணும். எழுதிச்சு.

அப்பா இந்த வாரம் கொஞ்சம் பேஜார்ல இருக்காரு. கம்பெனி விஷயம். நீ படிக்கற பிள்ளை, இதெல்லாம் எதுக்கு.

மேடம், பார்த்தீங்களா, இந்தத் தடவை சுருக்கமா முடிச்சுட்டேன்.

சானியா

&nbsp;

திமிரி
10.11.2025

சானியா,

நேற்று அம்மா போனில் பேசினாள். ஐந்து நிமிடத்தில் நான்கு நிமிடம் அழுதாள்.

வெள்ளைத் தோல் லாட்டில் ஆறு தோலில் கோட்டிங்கை மீறி நீலப் புள்ளி மேலே வந்துவிட்டதாம். வாங்குகிற கம்பெனியின் இன்ஸ்பெக்டர் அத்தனையையும் தனியாக எடுத்துப் போட்டாராம். டாகிள் ஷெட்டில் பேனா வைத்து விளையாடினது யார் என்று கேட்டு, அப்பாவை, பச்சைத் தோலை ஊற வைக்கும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். உத்தரவில் கையெழுத்துப் போட்டது வாஹித் மாமா. பதினாறு வருடம் டாகிள் பிடித்த கை இப்போது கையுறைக்குள்ளேயே வெந்து தோல் உரிகிறதாம். அம்மா தேங்காய் எண்ணெய் போட்டுவிடுகிறாள்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. அப்பா யார் பேரையும் சொல்லவில்லை. வீட்டில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம். "பாய் மார்க் பண்ணச் சொன்னாரு. இப்போ அவரே தெரியாதுன்றாரு. போவட்டும்."

புரிகிறதா? வாஹித் மாமா தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அப்பாவைத் தள்ளிவிட்டார் என்று நினைக்கிறார். இரண்டு பேரும் தினமும் ஒன்றாக டீ குடிப்பார்கள். இப்போது அப்பா குடிப்பதில்லை.

தோலில் பால்பாயிண்ட் பேனா வைக்கக் கூடாது, எத்தனை கோட்டிங் அடித்தாலும் மை மேலே வரும் என்று ஆம்பூரில் பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நீ. 23ஆம் தேதி ஞாயிறு அம்மா என்னைப் பார்க்க வருகிறாள். அதுவரை பொறுக்கிறேன். அதற்குள் நீ சொல்லவில்லை என்றால் உன் முதல் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

கண்காட்சிக்குப் பலூனையே கொண்டு போகிறேன். தோலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நந்தினி

&nbsp;

ஆம்பூர்
14.11.2025

நந்து,

உன் கடுதாசியை மூணு நாளா பையிலயே வச்சுக்கினு சுத்தறேன்.

சொல்ல மாட்டேன்னு சொல்லல. எப்படிச் சொல்றதுன்னுதான். கையெழுத்துப் போட்டது எங்கப்பா. அவர் பொண்ணுதான் பண்ணான்னு தெரிஞ்சா மேனேஜர் முன்னாடி எப்படி நிப்பாரு? அந்த ஷெட்டுல எல்லாரும் அவரை "பாய் சொன்னா சரி"ன்னுதான் சொல்லுவாங்க. அது என்னால போயிடும். அடுத்த இன்ஸ்பெக்‌ஷன் மாசக் கடைசியில முடியுது. அது முடிஞ்ச அன்னிக்கே சொல்லிடறேன். இன்னும் ரெண்டு வாரம். அதுக்குள்ள நீ எங்கேயோ போற மாதிரி எழுதற. ஒரு கடுதாசிக்கு ஒரு கடுதாசி தூரமாவுது. நான் இங்கயேதான் இருக்கேன், நந்து. அதே தெரு, அதே வீடு, அதே லூசு. விலகறது நீதான்.

புஸ்தகத்துல ஒண்ணு பார்த்தேன். எல்லா கேலக்ஸியும் விலகிக்கினு இருக்கறப்ப ஆண்ட்ரமெடான்னு பக்கத்துல இருக்கற ஒண்ணு மட்டும் நம்ம பக்கம் வருதாமே. அது ஏன்? இதுக்காவது பதில் போடு.

இந்தக் கவர்ல இன்னும் பத்து ஐலெட் வச்சிருக்கேன்.

சானியா

&nbsp;

திமிரி
17.11.2025

சானியா,

ஐலெட்டுகளைத் திருப்பி அனுப்புகிறேன். முன்னால் வந்த ஐந்தும் சேர்த்துப் பதினைந்து. எண்ணிக்கொள்.

"நான் இங்கேயேதான் இருக்கிறேன், விலகுவது நீதான்" என்று எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு புள்ளியும் அப்படித்தான் சொல்லும் என்று நான்தான் உனக்கு எழுதினேன். படித்தாய், ஆனால் உன்னை ஒரு புள்ளியாக நினைத்துப் பார்க்கவில்லை.

என் அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார், பாய் விலகிவிட்டார் என்று. வாஹித் மாமாவும், பெருமாள் டீ குடிக்க வருவதில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். யாரும் நகரவில்லை. தோலை இழுத்தது நீ.

ஞாயிறு வரைதான்.

நந்தினி

&nbsp;

ஆம்பூர்
21.11.2025

நந்தினி,

சொல்லிட்டேன். நடந்ததை நடந்த மாதிரியே எழுதறேன், ஜோக்கு எதிர்பார்க்காத.

நேத்து மத்தியானம் ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு ஷெட்டுக்குப் போனேன். உங்கப்பா பலகையில இப்போ நவீன்குமார்னு ஒரு புது ஆள். எங்கப்பா அவருக்கு டாகிள் மாட்டக் கத்துக் குடுத்துக்கினு இருந்தாரு. புதுசு இல்லியா, தோல் ஓரம் கிழிஞ்சிருந்தது. எல்லாரும் இருக்கறப்பவே, "அந்தப் புள்ளி வச்சது நான்தான்"னேன்.

எங்கப்பா இன்னா பண்ணாரு தெரியுமா? நம்பல.

"தோஸ்தோட அப்பாவைக் காப்பாத்த வந்தியா? போ, ஸ்கூலுக்குப் போ."

"நெசம்பா."

"போன மாசம் வீட்டுல ஆடு பூந்துடுச்சுன்னு எங்களையெல்லாம் தெருவுல நிக்க வச்ச. அதுவும் நெசம்னுதான் சொன்ன."

ஷெட்டே சிரிச்சுது. நந்து, பதினாறு வருஷத்துல நான் பேசின ஒரே உண்மை, அதுக்கும் சிரிப்பு. இவ்ளோ நாள் விளையாடினதுக்கெல்லாம் அங்க வச்சு வாங்கினேன்.

மூலையில அந்த ஆறு தோலும் கெடந்துச்சு. பையில இருந்து என் நோட்டை எடுத்தேன். "அளந்து பாருங்கப்பா. நான் பார்க்காமலே சொல்றேன்"னு திரும்பி நின்னுக்கிட்டேன். அப்பா கோவத்துல டேப்பைப் பிடிச்சாரு.

"முதல் புள்ளியில இருந்து ரெண்டாவது, பத்தரை"ன்னேன்.

"மூணாவது, இருபத்தொண்ணு புள்ளி ரெண்டு."

"நாலாவது, முப்பத்திமூணு." டேப்பு சுருண்டு உள்ள போற சத்தம் கேட்டுச்சு. அஞ்சாவதை அவர் அளக்கல. நான் திரும்பிப் பார்த்தேன். எங்கப்பா முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்ல. பெருமாள் மாமாகிட்ட இன்னா சொல்லி இழுக்க வச்சன்னு கேட்டாரு. "உங்க பேரைத்தான்பா"ன்னேன்.

நேரா சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் நடந்தாரு. நானும் பின்னாடியே ஓடினேன். உங்கப்பா முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கினு நின்னாரு.

"பெருமாள், நான் மார்க் பண்ணச் சொன்னேன்னு நெனச்சியா?"

"நீங்க சொல்லலியா, பாய்?"

"சொல்லியிருந்தா உன்னை இங்க அனுப்புவனா?"

உங்கப்பா என்னைப் பார்த்தாரு. திட்டுவாருன்னு நின்னேன். திட்டல. எங்கப்பா பக்கம் திரும்பி, "நான் கேட்டிருக்கணும் பாய்"ன்னாரு. எங்கப்பா, "நான்தான் கேட்டிருக்கணும். கைய கழுவிட்டு வா"ன்னாரு. அவ்ளோதான் பேச்சு. அதுக்குள்ள எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பிச்சுடுச்சு. சுண்ணாம்பு நெடின்னு சொல்லி வச்சேன்.

அப்பாவே மேனேஜருக்கு எழுதிக் குடுத்தாரு, என் பேரு போட்டு, அவர் பேரும் போட்டு. அவருக்கு மெமோ குடுத்திருக்காங்க. உங்கப்பா இன்னிக்குக் காலையில இருந்து பழையபடி டாகிள்ல. நவீன்குமாருக்கு அவர்தான் கத்துத் தராரு. நான் இனிமே டேனரி கேட்டைத் தாண்டக் கூடாது. கேரியர் முஸம்மில் எடுத்துக்கினு போறான். அப்பா என்கூட பேசறதில்ல. எங்கம்மாதான் நடுவுல நின்னு, "அவளைச் சாப்பிடச் சொல்லு", "அவரைச் சாப்பிடச் சொல்லு"ன்னு ரேடியோ வேலை பார்க்கறாங்க.

நீ சொன்னது சரி. தோலை இழுத்தது நான்.

ஞாயித்துக்கிழமை உங்கம்மா ஒரு சுருள் கொண்டு வருவாங்க. அதை நான் அனுப்பல. உங்கப்பா ரிஜெக்ட் ஆன தோல் ஒண்ணைக் கேட்டு வாங்கி, முதுகு வாக்கிலேயே பட்டையா வெட்டி, சாப்பாட்டு டைம்ல அவர் கையாலயே ஐலெட் அடிச்சிருக்காரு. நீ திருப்பி அனுப்பின அதே ஐலெட். எங்கண்ணன் பையிலயே திருப்பிப் போட்டிருந்தேன், அவன்கிட்ட கேட்டு வாங்கினாராம். வெள்ளைக் கோட்டிங் கழுவின தோல், தண்ணி தெளிச்சுட்டு ரெண்டு முனையையும் இழுத்தா நல்லா நீண்டு குடுக்கும்னு சொன்னாரு. வேணாம்னா பலூனையே கொண்டு போ.

சானியா

&nbsp;

வேலூர் கண்காட்சி முடிந்து, திமிரி
29.11.2025

சானிக்கு,

பலூனைக் கொண்டு போகவில்லை.

எங்கள் மேஜைக்கு வலது பக்கம் இரண்டு பேர், இடது பக்கம் ஒருவர், மூன்று பேரிடமும் பலூன். நடுவில் நான் மட்டும் ஈரத் தோலோடு. நாற்றத்துக்கு ஒரு பையன் மூக்கைப் பொத்தினான். எங்க ஊர் வாசனை என்றேன்.

நடுவர் ஒரு அம்மா. காலேஜில் இயற்பியல் நடத்துபவராம். "பிரபஞ்சத்துக்கு நடு எது?" என்றார். உங்களுக்குப் பிடித்த வளையத்தைத் தொடுங்கள் மேடம் என்றேன். மூன்றாவதைத் தொட்டார். நான் ஒரு முனையையும் அந்த மூக்குப் பொத்தினவன் ஒரு முனையையும் பிடித்து இழுத்தோம். அளந்து காட்டினேன். பிறகு இரண்டாவதைத் தொடச் சொன்னேன். அதே கணக்கு. அவர் தானாகவே நான்காவதையும் தொட்டுப் பார்த்தார். முதுகு வாக்கில் வெட்டினதால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நூல் பிடித்த மாதிரி வந்தது.

"நாமும் ஊதுகிறோமா?" என்ற கேள்வியும் வந்தது. வளையத்தைக் காட்டினேன். வட்டம் வட்டமாகவே இருந்தது. "உன் தோலுக்கு ஓரம் இருக்கிறதே, பிரபஞ்சத்துக்கு?" என்றார். தோலுக்கு உண்டு மேடம், பிரபஞ்சத்துக்கு ஓரம் இருப்பதாக யாரும் பார்த்ததில்லை, இந்த இடத்தில் என் தோல் தோற்றுவிடும் என்றேன். அதை எழுதிக்கொண்டார்.

அப்புறம் ஒரு மூலையைப் பார்த்தார். பட்டையில் சிக்கிய உன் நீலப் புள்ளி ஒன்றை அப்பா வளையம் அடிக்காமல் விட்டிருக்கிறார். மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா தெரியவில்லை. கோழிமுட்டை மாதிரி நீண்டு கிடந்தது. "இது என்ன?" என்றார். "இது என் சிநேகிதி வைத்தது மேடம். பிடிமானம் இல்லாதது இழுத்தால் இப்படி ஆகும் என்று காட்டுவதற்கு" என்றேன். சிரித்தார். மாநில அளவுக்குத் தேர்வாகியிருக்கிறேன். விண்ணப்பத்தில் உதவியவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். தொழில்: பேனா வைப்பவர்.

முடிவைச் சொல்ல மேடம் போன் கொடுத்தார்கள், அப்பா பேசினார். வாஹித் மாமாவின் மெமோவைப் பற்றிக் கேட்டேன். "ரெண்டு பேரும் டீக்கடையில வச்சுப் படிச்சோம், இங்கிலீஷ்ல இருந்துச்சு" என்றார். அப்படியென்றால் டீ குடிக்கிறார்கள்.

உன் அப்பா பேச ஆரம்பித்தாரா? இல்லை என்றால் நீயே போய் உட்கார். அளவு சொல்லி நம்ப வைத்தவள்தானே நீ.

ஆண்ட்ரமெடாவைப் பற்றிக் கேட்டிருந்தாய், கோபத்தில் பதில் போடவில்லை. ரொம்பப் பக்கத்தில் இருப்பவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். வெளி விரிவதைவிட அந்தப் பிடி ஜாஸ்தி. அதனால் அது வந்துகொண்டுதான் இருக்கும்.

டிசம்பர் 24 அரையாண்டு லீவு. மத்தியானம் மூன்று மணிக்கு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கி வருகிறேன், உனக்குப் பாதி, வாஹித் மாமாவுக்குப் பாதி. நீ எங்கேயும் ஓடாமல், எதையும் தொடாமல், நின்ற இடத்திலேயே நில். இந்தத் தடவை நகர்ந்து வருவது நான்.

நந்து

பி.கு.: பென்சிலில் கீழே இருப்பது ஜெயம்மாள் மேடம் கையெழுத்து. ஒட்டும் முன் அவர்களே கேட்டு வாங்கி எழுதினார்கள்.

*சானியா, உன் கடிதம் வராத வாரம் விடுதி வெறிச்சென்று இருந்தது. அடுத்ததில் எனக்குத் தனி வணக்கம் வேண்டும். ஆடு கதையையும் முழுதாக எழுது.*